முதல் வகுப்பின் வீட்டுப்பாடம்: பள்ளியின் வேலை வீட்டுக்கு வரும் வழி

1. கேள்வி

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே 29 அன்று உத்தரவிட்டது. மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதே ஆண்டு நவம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் இதையே அறிவுறுத்தியது. 2020-இல் வெளிவந்த பள்ளிப்பை குறித்த தேசியக் கொள்கையும் இதை உறுதிசெய்தது. ஆயினும் தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆறு வயதுக் குழந்தையின் டைரியில் இன்றும் அன்றாட வேலை எழுதித்தான் வருகிறது. டைரி இல்லாத இடத்தில் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது.

தடை ஏன் செயலுக்கு வரவில்லை என்று கேட்டால், கண்காணிப்புப் போதாது என்ற விடையே வழக்கமாகக் கிடைக்கிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முதல் வகுப்பின் வீட்டுப்பாடத்தை உண்மையில் செய்வது யார்? ஐந்து, ஆறு வயதில் எந்தக் குழந்தையும் தானே டைரியைப் படித்து, தானே நோட்டை எடுத்து, தானே உட்கார்ந்து எழுதி முடிப்பதில்லை. அருகில் ஒருவர் உட்கார வேண்டும், சொல்லித்தர வேண்டும், பல நேரம் கையைப் பிடித்து எழுத வைக்கவும் வேண்டும். ஆகவே அந்த வேலை குழந்தையின் பெயரில் வீட்டுப் பெரியவருக்குத் தரப்படும் வேலை. இந்த வயதின் வீட்டுப்பாடம், கற்பித்தல் என்னும் பள்ளியின் கடமையை வீட்டுக்கு மாற்றும் ஏற்பாடு. சுமை, நேரம் ஆகிய இரண்டைக் கொண்டு மட்டும் அதை அளந்தால் அதன் பெரிய தீங்கு கண்ணில் படாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. சுமை என்ற பார்வை: 1989 முதல் 2020 வரை

எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1986-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1989-இல் அவர் அங்கு ஆற்றிய கன்னிப் பேச்சு, குழந்தைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றியது. அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக, இயற்பியல் அறிஞர் யஷ்பால் தலைமையில் 1992-இல் ஒரு குழு அமைந்தது. 1993-இல் அது அளித்த அறிக்கை ‘சுமையற்ற கற்றல்’ என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. பையின் எடையைக் காட்டிலும் கொடிய சுமை, புரியாமல் படிப்பதன் சுமை என்பது அதன் மையக் கருத்து. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் கூடாது, வீட்டுச் சூழலில் குழந்தை தானே தேடிக் கண்டறியும் செயல்கள் மட்டும் இருக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது.

யஷ்பாலே வழிநடத்திய 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இதற்கு மணிக்கணக்கு வகுத்தது. இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து தொடக்கநிலை முடியும்வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம். நடுநிலையில் நாளுக்கு ஒரு மணி நேரம். உயர்நிலையிலும் மேல்நிலையிலும் நாளுக்கு இரண்டு மணி நேரம். 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கையும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் சொல்கிறது. ஒரு விதியை 15 ஆண்டுகள் கழித்து அப்படியே திரும்ப எழுத நேர்ந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் அது வகுப்பறைக்குள் நுழையவில்லை என்பதே பொருள்.

2018-ஆம் ஆண்டின் உத்தரவு இந்த வரலாற்றில் தனியிடம் உடையது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கோரிய வழக்கில் அது பிறந்தது. நீதிபதி என். கிருபாகரன் கோரிக்கையோடு நிற்காமல் குழந்தையின் உறக்கம், விளையாட்டு, பையின் எடை ஆகியவற்றையும் கருதினார். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மொழி, கணிதம் தவிர வேறு பாடங்கள் கூடாது. மூன்று முதல் ஐந்து வரை சூழ்நிலையியல் சேரலாம். விதியை மீறும் பள்ளிகளைக் கண்டறியப் பறக்கும் படைகள் வேண்டும் என்றெல்லாம் உத்தரவு விரிந்தது. அதன்பின் அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கை, முதலிரண்டு வகுப்புகளுக்குப் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்றது.

உத்தரவின் நோக்கம் உயர்ந்தது. அது தந்த பாதுகாப்பு தேவையானதும்கூட. ஆனால் மூன்று பத்தாண்டுகளாக இந்த விவாதம் எடை, மணிநேரம் என்ற அளவைகளுக்குள்ளேயே சுழல்கிறது. அளக்க எளிதானவை என்பதால் அதிகாரிகளுக்கு அவை உகந்தவை. பையைத் தராசில் வைக்கலாம். மாலையில் ஒரு வீட்டில் யார் யாருக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்பதை எந்தத் தராசிலும் வைக்க முடியாது.

3. ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

வீட்டுப்பாடத்தால் கற்றல் உயர்கிறதா என்பதற்கு உலகளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரின் தொகுப்பாய்வுகள். 1989-இலும், பின்னர் இரண்டு ஆய்வாளர்களுடன் இணைந்து 2006-இலும் அவர் அவற்றை வெளியிட்டார். வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர்நிலை வகுப்புகளில் தெளிவாகத் தெரிகிறது. தொடக்க வகுப்புகளில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. சிறு குழந்தைகளுக்குக் கவனச்சிதறலைத் தள்ளிவைக்கும் ஆற்றல் குறைவு. தானே படிக்கும் பழக்கங்கள் இன்னும் உருவாகியிருப்பதில்லை. தடுமாறும் குழந்தை அதே வேலைக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், நேரம் கூடும் இடத்தில் மதிப்பெண் குறைவாகத் தெரியவும் வாய்ப்பு உண்டு.

இந்த முடிவை வீட்டுப்பாடத்தின் எதிர்ப்பாளர்கள் எடுத்தாளும்போது அதன் மறுபாதி விடுபட்டுப்போகிறது. வீட்டுப்பாடம் தந்த குழுவையும் தராத குழுவையும் நேரடியாக ஒப்பிட்ட சில ஆய்வுகளில், அந்தப் பாடப்பகுதிக்கு உரிய தேர்வில் வீட்டுப்பாடம் செய்தவர்கள் மேலாக இருந்ததையும் கூப்பர் பதிவுசெய்கிறார். தொடக்க வகுப்புக் குழந்தைகளும் அவர்களில் உண்டு. நேற்று எழுதிப் பார்த்தது நாளைய தேர்வில் உதவும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அந்தப் பயன் ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆகவே ‘பயனே இல்லை’ என்று அடித்துச் சொல்லச் சான்று இடம் தரவில்லை. ‘சிறு வயதில் நீடித்த பயன் காட்டப்படவில்லை’ என்பதே நேர்மையான வாசிப்பு.

வீட்டில் நடக்கும் கற்றலே பயனற்றது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கனடாவில் சேனஷல், லெஃபெவ்ர் ஆகிய இருவரும் குழந்தைகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து செய்து, 2002-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. பெற்றோர் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவது குழந்தையின் சொல்வளத்தோடு தொடர்புடையதாக இருந்தது. எழுத்துகளைச் சொல்லித் தருவது தொடக்கக்கால எழுத்தறிவோடு தொடர்புடையதாக இருந்தது. இரண்டும் வெவ்வேறு வழிகளில் பின்னாளைய வாசிப்புத் திறனை எட்டின. அதாவது, வீட்டில் படித்த பெரியவர் ஒருவர் குழந்தையோடு செலவிடும் நேரத்துக்குப் பலன் நிச்சயம் உண்டு. இந்தப் பலன்தான் சிக்கலின் வேரும் ஆகிறது. எல்லா வீட்டிலும் அந்தப் பெரியவர் இல்லை. இருக்கும் வீட்டில் பலனும் இல்லாத வீட்டில் இழப்புமாக, ஒரே வகுப்பின் குழந்தைகள் முதல் ஆண்டிலேயே பிரிந்து போகிறார்கள்.

4. நாளுக்கு நான்கு மணி நேரம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணிநேரம் என்று குறைந்தபட்ச அளவை வகுத்துள்ளது. நாளுக்கு நான்கு மணி நேரம். முதலிரண்டு வகுப்புகளுக்கு மொழியும் கணிதமும் போதும் என்பது 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் நிலைப்பாடு. நான்கு மணி நேரத்தில் ஆறு வயதுக் குழந்தைக்கு மொழியும் கணிதமும் கற்பித்து, எழுதிப் பழகவும் வைத்து அனுப்ப முடியாதா? முடியும். அப்படியானால் மாலைக்கு மிச்சப்படுவது எது?

மிச்சப்படுவது கூடுதலாகச் சேர்த்தவைதான். ஆங்கில வழித் தனியார் பள்ளியின் முதல் வகுப்புக் கால அட்டவணையில் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றுடன் சூழ்நிலையியல், பொது அறிவு, கணினி, பல இடங்களில் இந்தி என்று பாடங்கள் அடுக்கப்படுகின்றன. இரண்டு எழுத்துமுறைகள் ஒரே ஆண்டில் கைக்கு வரவேண்டும். தமிழில் 247 எழுத்துகள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, போதாக்குறைக்குக் கூட்டெழுத்து. விரல் தசைகள் இன்னும் உறுதிபெறாத வயதில் நான்கு கோடு நோட்டும் இரண்டு கோடு நோட்டும் நிரம்ப வேண்டும். இவ்வளவையும் வகுப்பிலேயே முடிப்பது ஆகாத காரியம். ஆசிரியர் அறிமுகம் செய்கிறார். கற்பித்தலின் மீதி வீட்டுக்குப் போகிறது.

இதில் அரசுக்கும் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டின் மாநிலப் பாடநூல்களில் ஒன்றாம் வகுப்பிலேயே சூழ்நிலையியல் தனிப்பாடமாக வருகிறது. அது நல்ல பாடமாகவே இருக்கலாம். ஆனால் மொழிப் பாடத்துக்குள் கரைந்து வர வேண்டியதைத் தனிப் பாடமாகவும் தனி நோட்டாகவும் ஆக்கும்போது, கூடுதல் பாடங்களைக் குறைக்கும்படி தனியார் பள்ளிகளிடம் சொல்லும் உரிமை அரசுக்கு வலுவிழக்கிறது.

ஆசிரியரையும் இங்கே நியாயத்தோடு பார்க்க வேண்டும். சிறு கட்டணப் பள்ளிகளில் குறைந்த ஊதியத்துக்குப் பணிபுரியும் ஆசிரியைகளே முதல் வகுப்பைத் தாங்குகிறார்கள். அன்றைய பகுதி முடிந்ததா என்று நிர்வாகம் கேட்கிறது. நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். டைரியில் எழுதும் ஒரு வரி அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையாகிவிடுகிறது.

5. மூன்று வீடுகள்

வீட்டுக்கு வந்த வேலை அங்கே எப்படிப் பங்கிடப்படுகிறது? தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் காணக்கூடிய மூன்று வகை வீடுகளை எண்ணிப் பார்க்கலாம்.

முதல் வீட்டில் தாய் பட்டம் பெற்றவர். மாலையில் வீட்டில் இருப்பவர். வேலை முடிந்துவிடும். ஆனால் தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பொழுது, எழுதி முடித்தாயா என்ற விசாரணையாக மாறிவிடும். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பணி தாயின் தோளில்தான் விழுகிறது. அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. கூலியும் பெயரும் இல்லாத உதவி ஆசிரியராகப் பள்ளி அவரை அமர்த்திக்கொள்கிறது. ‘ப்ராஜெக்ட்’ என்ற பெயரில் வரும் சார்ட் வேலையைக் குழந்தை செய்யாது என்பது ஆசிரியருக்கும் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். ஸ்டேஷனரி கடையில் படங்கள் அச்சடித்த தாள்களாகவே விற்கின்றன.

இரண்டாம் வீட்டில் பெற்றோர் தமிழில் படித்தவர்கள்; குழந்தை ஆங்கில வழியில் படிக்கிறது. அம்மாவுக்குக் கணக்கு தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பது தெரியாது. இந்த வீடு ட்யூஷனுக்குப் பணம் எடுத்துவைக்கிறது. பள்ளிக் கட்டணம் கட்டிய பிறகும் பள்ளி சொல்லித் தராததைச் சொல்லித்தரத் தெருவில் ஒரு ட்யூஷன் அக்காவுக்குத் தனியாகக் கட்டுகிறது. காலையில் யூனிபாரத்தோடு கிளம்பிய குழந்தை இரவு ஏழரை மணிக்குத்தான் முழுதாக வீடு சேர்கிறது.

மூன்றாம் வீட்டில் பெற்றோர் இருவரும் கூலி வேலைக்கோ, திருப்பூர் போன்ற ஊர்களில் பனியன் கம்பெனி ஷிப்டுக்கோ போகிறவர்கள். பாட்டி இருக்கிறார், அவருக்கு எழுத்து தெரியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இடம் பெற்ற குழந்தைகளில் பலர் இத்தகைய வீடுகளிலிருந்து வருகிறார்கள். சட்டம் அவர்களைப் பள்ளி வாசலுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. மறுநாள் காலையில் வெற்று நோட்டோடு வரும் அந்தக் குழந்தையை டைரி திரும்ப வாசலுக்கு அனுப்புகிறது. வீட்டுப்பாடம் முடிக்காததற்காகக் குழந்தையை நிற்க வைப்பதும், பிறர் முன்னால் கேட்பதும், ‘கவனம் தேவை’ என்று எழுதி அனுப்புவதும் எதைத் தண்டிக்கின்றன? வீட்டில் படித்தவர் இல்லாமையை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்யும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின் ஒளியில் இந்த வழக்கத்தை நாம் இன்னும் கூர்ந்து பார்க்கவில்லை.

மூன்று வீட்டின் நோட்டுகளும் ஒரே மேசையில் திருத்தப்படுகின்றன. ஆசிரியர் திருத்துவது குழந்தைகளின் கற்றலை என்று நினைக்கிறார். உண்மையில் அந்தப் பக்கங்களில் பதிந்திருப்பது வீடுகளின் வசதி. முதல் வகுப்பிலேயே ‘நன்றாகப் படிக்கும் பிள்ளை’, ‘படிக்காத பிள்ளை’ என்ற பெயர்கள் இதைக் கொண்டுதான் சூட்டப்படுகின்றன. சூட்டியபின் அவை எளிதில் கழல்வதில்லை.

6. எதிர்வாதங்களை எடைபோடல்

வீட்டுப்பாடத்தைக் கேட்பவர்கள் பெற்றோரே; அவர்கள் விருப்பத்தை மறுக்க அரசுக்கு என்ன உரிமை? இது முதல் எதிர்வாதம். பெற்றோரின் கவலை மெய்யானது. குழந்தை என்ன கற்கிறது என்று அறிய அவர்களுக்கு வேறு சாளரம் கிடையாது. முதல் தலைமுறையாகப் பிள்ளையைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு, நிரம்பிய நோட்டு ஒன்றே கட்டிய பணத்துக்குக் கண்முன் இருக்கும் சான்று. அந்தத் தேவையைப் பள்ளி வேறு வழியில் நிறைவேற்றலாம். குழந்தை வாசிப்பதைப் பெற்றோர் நேரில் வந்து கேட்க மாதம் ஒருமுறை வகுப்பறைக் கதவைத் திறந்துவைத்தால், முப்பது பக்க நோட்டு சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தின் பாதிப்பு அதில் கலந்திருக்கிறது. 2018-இலும் நிலைமை மகிழத்தக்கதாக இல்லை. இவ்வளவு பின்தங்கிய நிலையில் கூடுதல் பயிற்சியை மறுப்பது ஏழைக் குழந்தைக்கே தீங்கு ஆகாதா?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்தே விடை கிடைக்கிறது. பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் குழந்தைகளுக்குக் கற்பித்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதைக் காட்டியது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது. பின்தங்கிய குடும்பங்களின் குழந்தைகள் அதனால் அதிகம் பயன்பெற்றார்கள்.

மாலையில் கூடுதல் நேரம் பயன் தருகிறது என்பதை இது மறுக்கவில்லை, நிறுவுகிறது. கூடவே அந்த நேரத்துக்கு ஒரு நிபந்தனையையும் காட்டுகிறது: சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பொதுப்பணத்தில் குழந்தையின் தெருவுக்கே அனுப்பியபோது இடைவெளி குறைந்தது. அந்த ஆளை அவரவர் வீட்டிலேயே தேடிக்கொள்ளுங்கள் என்று விடுவதுதான் டைரி.

7. வகுப்புக்குள் முடியும் பாடம்

பள்ளியின் வேலையைப் பள்ளிக்குள்ளேயே முடிக்கும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-இல் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முன்முயற்சியால் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறை அதற்கு முன்மாதிரி. குழந்தை கற்றல் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படத்தில் தன் இடத்தைப் பார்த்து, அதற்குரிய பாட அட்டையை எடுத்து, சுவரின் கீழ்ப்பகுதியில் தனக்கென இருக்கும் கரும்பலகையில் எழுதும். இன்று முடியாத அட்டை நாளை அதே இடத்திலிருந்து தொடரும். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், மீதியை வீட்டுக்கு அனுப்பும் தேவையும் இல்லை.

அதன் குறைகள் அக்காலத்திலேயே பேசப்பட்டன. அட்டைகளுக்குள் ஆசிரியரின் குரல் அடங்கிப்போனது என்றும், பல வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்ததில் சிறியவர்களுக்குக் கவனம் குறைந்தது என்றும் ஆசிரியர்கள் சொன்னார்கள். வாசிப்புத் திறனில் எதிர்பார்த்த பாய்ச்சலும் நிகழவில்லை. வடிவம் பின்னர் மாற்றப்பட்டது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்து, நிலைக்கேற்ற பயிற்சியை வகுப்பிலேயே தருவதை நோக்கமாகக் கொண்டது. இரண்டு முயற்சிகளின் வெற்றி தோல்வி எப்படியிருப்பினும், அவற்றின் அடிப்படை எண்ணம் சரியானது: குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து அழைத்துச் செல்வது பள்ளியின் பொறுப்பு.

8. முடிவுகள்

மேற்கண்ட வாதங்களிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பிறக்கின்றன.

முதலாவது, கண்காணிப்பின் இடம் மாற வேண்டும். பையை எடைபோடும் அதிகாரி அதற்குமுன் முதல் வகுப்பின் கால அட்டவணையையும் புத்தகப் பட்டியலையும் பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் அடங்காத பாடத்திட்டத்தை அனுமதித்துவிட்டு வீட்டுப்பாடத்தைத் தடைசெய்வது, ஊற்றைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் அணை கட்டுவதற்கு ஒப்பாகும். மாநிலப் பாடத்திட்டமும் இதே சோதனைக்கு உட்பட வேண்டும்.

இரண்டாவது, எழுதிப் பழகுதல் முழுவதும் பள்ளி நேரத்துக்குள் அமைய வேண்டும். எழுதுகோலைப் பிடிப்பதிலிருந்து எழுத்தின் சுழிவரை, தவறு நேரும் கணத்திலேயே திருத்தக்கூடியவர் பயிற்சிபெற்ற ஆசிரியர்தான்.

மூன்றாவது, பின்தங்கும் குழந்தைக்குக் கூடுதல் நேரம் தருவதானால் அந்த நேரத்தோடு ஓர் ஆளையும் தர வேண்டும். இல்லம் தேடிக் கல்வியின் பாடத்தைப் பேரிடர்க் கால ஏற்பாடாகச் சுருக்கிவிடாமல் முதல் மூன்று வகுப்புகளுக்கு நிலையான ஏற்பாடாக வளர்க்கலாம். ஒதுக்கீட்டில் குழந்தைகளைச் சேர்க்கும் தனியார் பள்ளிகளும் தம் வளாகத்திலேயே இதைச் செய்யக் கடமைப்பட்டவை.

நான்காவது, வீட்டுக்கும் பள்ளிக்கும் உறவு வேண்டும். அந்த உறவு எந்தக் குடும்பத்துக்கும் இயலக்கூடியதாக இருக்க வேண்டும். நேற்று மாலை என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று குழந்தையை வகுப்பில் பேசவைக்கும்படி 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கையே பரிந்துரைக்கிறது. இதில் எழுத்தறியாத பாட்டியின் வீடு பின்தங்குவதில்லை. அவர் சொன்ன கதையும் விடுகதையும் மறுநாள் வகுப்பின் மொழிப்பாடமாகின்றன. வகுப்பு நூலகத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் வீட்டுக்குப் போகட்டும். அதற்குக் கேள்வித்தாளும் கையொப்பமும் கேட்காதிருந்தால் போதும்.

வீட்டுப்பாடத் தடையைக் குழந்தைக்குக் காட்டும் இரக்கமாக மட்டுமே பேசி வந்திருக்கிறோம். அதனால்தான் ‘கொஞ்சம் எழுதினால் என்ன குறைந்துவிடும்’ என்ற பதில் ஒவ்வொரு முறையும் வென்றுவிடுகிறது. அதை உரிமையாகப் பேசும் நேரம் வந்துவிட்டது. எழுத்தறிவின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தை கற்பது, அதன் வீட்டில் யார் படித்திருக்கிறார்கள் என்பதைச் சார்ந்திருக்கக் கூடாது. அந்த இரண்டு ஆண்டுகளின் பாடத்தைத் தன் சுவர்களுக்குள் முடித்துத் தரும் பொறுப்பைப் பள்ளி ஏற்க வேண்டும். ஏற்கும்படி பெற்றோரும் அரசும் கேட்க வேண்டும்.